ஐந்து கோடுகள் சேரும் இடம்

"இப்படி எல்லா மூலையையும் வெட்டினா அதுக்கு வலிக்காதாப்பா?" என்று மகள் முத்துலட்சுமி ஒருமுறை கேட்டாள். கருணாகரன் சிரித்துவிட்டார்.

அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு அதுதான் வேலை. பெட்டி போன்ற உருவத்தின் மூலைகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி, வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டி, வழவழப்பான பரப்பாக்க வேண்டும். 1979இல் அவர் எடுத்துக்கொண்டது ஷூ தைக்க உதவும் மரக்கால். நான்கு கோடுகள் சேரும் புள்ளிகள் அடங்கின. குதிகாலில் ஐந்து கோடுகள் சேரும் ஒரு புள்ளி மட்டும் ஈட்டியாய் நீண்டது.

மரக்கால்களைச் செதுக்கித் தரும் தி.நகர் அப்துல் கய்யூம் கம்ப்யூட்டர் வரைந்த படத்தைப் பார்த்தார். "இன்னா சார், குதிகால்ல கத்தி கீது? நாலு சேர்ற எடமும் அஞ்சு சேர்ற எடமும் ஒண்ணா? அங்க நடுவுல கை வெக்காம லேசா எடுக்கணும்."

"நீங்க மரத்தைப் பாருங்க பாய். இது கணக்கு."

ஆனாலும் கய்யூம் போனபின், நடுப்புள்ளி அதிகம் நகராதபடி கணக்கில் அதன் எடையைக் கூட்டி ஓர் அட்டையில் துளையிட்டார்; கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைக் கட்டுக்குள் அதை மாற்றி வைத்தார்.

மறுநாள் வந்த படத்தில் குதிகால் வெடித்துச் சிதறியிருந்தது. அட்டைக் கட்டின் அருகே கய்யூம் நின்றிருந்தார். 'அட்டைகளைக் கலைத்துவிட்டான்' என்று கருணாகரனுக்கு ஒரே எண்ணம். அட்டைகள் வைக்கும் இரும்புத் தட்டைத் தூக்கி அடித்தார். கய்யூமின் புருவம் பிளந்தது. தடுத்த கையின் மேல் இரண்டாவது அடி. விரல் முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவரின் விலாவில் உதைத்தார். கய்யூம் தரையில் கிடந்தபடியே, கட்டோடு கீழே விழுந்த அட்டைகளை ரத்தம் படாமல் முழங்கையால் ஒதுக்கினார்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். "தடுக்கி வுழுந்துட்டேன்" என்றார் கய்யூம்.

அதிகாரி நம்பினார். மெஷின் பக்கத்தில் தடுக்கி விழுகிற ஆள் இனி உள்ளே வர வேண்டாம் என்று மரக்கால் ஆர்டரையும் நிறுத்தினார்.

சனிக்கிழமை கருணாகரன் அட்டைகளைச் சரிபார்த்தார். ஒன்றும் கலையவில்லை. எல்லா எடைகளின் கூட்டுத்தொகையும் ஒன்று என்று வர வேண்டும்; நடுவில் கூட்டியவர் சுற்றுப்புள்ளிகளில் குறைக்க மறந்திருந்தார். குறைத்ததும் குதிகால் வழவழவென்று வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். கடவுள் அன்று என் கையைப் பிடித்திருக்கக் கூடாதா என்று அழுதார். பிறகுதான், அட்டைகளை ஒதுக்கிய அந்த முழங்கை நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லை. 'அவர் விழவில்லை. நான் அடித்தேன். திருத்தமும் அவர் சொன்னதே' என்று எழுதிய கடிதத்தை அதிகாரியின் கதவுக்கு அடியில் நுழைத்தார். முழுதும் உள்ளே போன பிறகும், விரல் நுனியால் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.