நெரிசலில் ஒடுங்கிய மச்சினன்

தடித்து, ஒடுங்கி, நெட்டையாக நிற்கும் ஓர் எழுத்துருவை நாலு வருடம் உட்கார்ந்து வரைந்தேன். கொக்கி, வால், குஞ்சம் எதுவும் கிடையாது. பேருந்தில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு தோளோடு தோள் நிற்கும் பயில்வான்கள் போலிருக்கும். ‘நெரிசல்’ என்று பெயர் வைத்தேன். தலைப்புக்கும் சுவரொட்டிக்கும்தான் ஆகும். அதில் கடிதம் அடித்தால் படிக்கிறவருக்குத் திட்டு வாங்கியது போலிருக்கும்.

விற்கிற பொறுப்பை என் மனைவியின் தம்பியிடம் கொடுத்தேன். ஒரு கோடு இழுக்கச் சொன்னால் அவனுக்குக் கை நடுங்கும், வாய் நடுங்காது. ஒரு நாள் அவன் மேடையில் கேடயம் வாங்குகிற படம் பத்திரிகையில் வந்தது. கீழே, ‘நெரிசலை வரைந்தவர்’ என்று அவன் பெயர்.

“ஏன் மாப்ள, நான் எப்போ செத்தேன்?”

“கோவிச்சுக்காதீங்க மாமா. எழுத்தைப் பாக்குறவன் வரைஞ்சது யாருன்னா பாக்குறான்?”

“என் பேரைப் போடச் சொல்லு.”

“வந்தது வந்துடுச்சு. விடுங்க மாமா.”

விட்டுவிட்டதாக வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை.

“என் தம்பியை என்னங்க பண்ணப் போறீங்க?”

“ஒண்ணும் பண்ணல. என் வேலையைப் பாக்கப் போறேன்.”

பொய்யில்லை. மாதாமாதம் நெரிசலைத் திருத்திப் புதுப் பதிப்பு தருவது என் வேலை. எழுத்துருவுக்குள் ஒரு வசதி உண்டு: இன்ன எழுத்துகள் இன்ன வரிசையில் வந்தால், அவற்றின் இடத்தில் வேறு வடிவத்தை உட்கார வைக்கலாம். நான் மச்சினனின் பெயரை அந்த வரிசையாக வைத்தேன். பதிப்புக்கு ஒரு மயிரிழை வீதம், அவன் பெயரை மட்டும் ஒடுக்கினேன்.

ஒவ்வொரு பதிப்புக்கும் அவன் புதுப் பெயர் அட்டை அடித்துக்கொள்வான்; கொடுக்க ஒரு கட்டு, கழுத்தில் மாட்ட ஒன்று. நெரிசலை விற்கிறவன் வேறு எழுத்தில் அடிக்கவும் முடியாது.

முதல் வருடம், அட்டையைப் பார்த்துவிட்டு “இளைச்சுட்டீங்களே” என்று அவனிடம் பலர் சொன்னார்கள். சந்தோஷப்பட்டான். இரண்டாம் வருடம், அட்டையை வாங்கியவர்கள் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, பேசாமல் பையில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் பெயர் வெறும் கறுப்புக் கோடுகளாகிவிட்டது. ஒரு நாள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டபடி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற இடத்தில் குனிந்திருக்கிறான். பார்கோடு படிக்கிற கருவி ‘பீப்’ என்றது. திரையில், ‘சலவைத்தூள், ஒரு கிலோ’. நம்பாதவர்கள் வீட்டுக்கு வரலாம். பில்லைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அன்று மாலையே வந்துவிட்டான்.

“மாமா, அந்தக் கடைப் பொண்ணு என்னைத் தனிப் பையில போடவான்னு கேக்குது.”

“நல்ல பொண்ணு.”

“என் பேரைச் சரி பண்ணுங்க மாமா.”

“என் பேரை நீ சரி பண்ணு. அப்புறம் பாக்கலாம்.”

அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தட்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

வரைந்தது மாமாதான் என்று பரிசுக் குழுவுக்குக் கடிதம் எழுதினான். நெரிசலிலேயே அடிக்க வைத்தேன். கையெழுத்துக்குக் கீழே சலவைத்தூள். அடுத்த வாரம் பத்திரிகையில் என் பெயர் வந்தது. கேடயம் என் அலமாரிக்கு வந்தது.

நானும் சொன்ன சொல் தவறவில்லை. அவன் பெயரை விரிக்கத் தொடங்கிவிட்டேன், பதிப்புக்கு ஒரு மயிரிழை வீதம். என்ன, எனக்கு வயதாகிவிட்டது. மாதம் ஒரு பதிப்பெல்லாம் இனி முடியாது. வருடத்துக்கு ஒன்று. அவனுடைய எண்பத்திரண்டாம் வயதில் பெயர் பளிச்சென்று படிக்கும்படி இருக்கும். அதுவரை கடைக்குப் போகும்போது அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.