முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

என் தங்கை வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். பகலில் அது அவளுடையது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவள் கணவருடையது. அவள் அதில் வீட்டு வரைபடம் வரைவாள், அவர் அதில் ஆட்களைச் சுட்டுத் தள்ளுவார். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது. ஆபீசில் முப்பது பேர் அவர் சொன்னால் எழுந்து நிற்பார்கள். கேம் என்று வந்துவிட்டால் மட்டும் பச்சைக் குழந்தை.

எனக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம். மெஷினைக் கருக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "எந்த வீடியோவைப் பாத்து ஓவர்கிளாக் பண்ணீங்க? அந்த ஆளையே கூப்பிட்டு ரிப்பேரும் பண்ணச் சொல்லுங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். தயாரித்த கம்பெனி குறித்துக்கொடுத்த வேகத்தைவிட மெஷினைக் கூடுதலாக ஓடவைப்பதுதான் ஓவர்கிளாக். செய்யக்கூடாத பாவம் ஒன்றும் இல்லை. ஒழுங்காகச் செய்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஒழுங்காகச் செய்ய ஒரு நாள் பொறுமை வேண்டும், அதுதான் எவனுக்கும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். "மச்சான், கேம் திக்கித் திக்கி ஓடுது. ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மானம் போகுது. வந்து ஏதாவது பண்ணுங்க." போனேன்.

பாப்பாதான் கதவைத் திறந்தாள். முப்பத்தாறு வயதாகியும் எங்கள் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். குழந்தை பிறந்ததும் விட்ட வேலை, ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஒரு கட்டட வரைபட ஆபீசில் வேலை கேட்டிருந்தாள். அங்கே தலைமையில் இருந்த அம்மா கறாரான ஆள். "ஆறு வருஷம் சும்மா இருந்திருக்கீங்க, உங்க பழைய சர்டிபிகேட்டை வெச்சு நான் என்ன பண்றது? மாடி வீடு ஒண்ணுக்கு முழு வரைபடம் போட்டு அனுப்புங்க. சரியா இருந்தா அடுத்த மாசம் வந்து சேருங்க" என்று சொல்லியிருந்தார். முப்பத்து நான்கு தாள். பாப்பா அதில்தான் இருந்தாள். இரண்டு மாதமாகக் குழந்தை பள்ளிக்கூடம் போனதும் உட்காருவாள், அது திரும்பி வரும்போது எழுந்திருப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் படிக்கட்டின் உயரத்தைச் சொல்வாள்.

நான் மெஷினைப் பிரித்தேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். ஊதித் துடைத்து, ப்ராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியைக் காற்றோட்டமாக முன்னால் இழுத்து வைத்தேன். பிறகு ப்ராசஸர் வேகத்தை ஒரு படி ஏற்றுவது, அரை மணி நேரம் முழு பாரத்தில் ஓடவிட்டுச் சூட்டைப் பார்ப்பது, சரியாக இருந்தால் அடுத்த படி. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஐந்தாவது படியில் மெஷின் அப்படியே உறைந்து நின்றது. இரண்டு படி கீழே இறக்கி அங்கேயே நிறுத்தினேன். வோல்டேஜில் கைவைக்கவே இல்லை. இதுவரைக்கும் நான் செய்ததில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்புறம் மெமரி, வேலை நடக்கும்போது மெஷின் எண்களைப் பிடித்து வைத்துக்கொள்கிற இடம். மாப்பிள்ளை ஏற்கெனவே இருந்த இரண்டு மெமரிப் பட்டையோடு புதிதாக இரண்டு வாங்கி வைத்திருந்தார். வேறு கம்பெனி. அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வேகம் போட்டிருந்தது. அவருக்கு அந்த எண்தான் வேண்டும். நாலையும் சொருகி ஏற்றினேன், மெஷின் எழுந்தது. எழுந்த உடனே அவர் திரையை போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார்.

"மாப்ள, இது ஒண்ணுக்கொண்ணு சேராத ஜோடி. நாளைக்குக் காலை வரைக்கும் டெஸ்ட் ஓடணும்" என்றேன்.

மணி நாலே முக்கால். கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். "நாளைக்குக் காலை வரைக்குமா? அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்துருவாங்க மச்சான். இருபது நிமிஷம் ஓடிருச்சு, ஒரு தப்பும் வரலையே?"

"இருபது நிமிஷத்துல வராது. அதனாலதான் சொல்றேன். இல்லேன்னா மெமரியை மட்டும் பழைய வேகத்துக்கு இறக்கிடறேன், அஞ்சு நிமிஷ வேலை."

"போட்டோ போட்டாச்சே! இறக்கினா கிண்டல் பண்ணிச் சாகடிச்சிருவானுங்க." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். "உங்க கை பட்டா அது தப்பாப் போகுமா? உங்களைப் பத்தி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

கடையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மெஷினைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பியிருப்பேன். அங்கே வாயில் கொழுக்கட்டை, வேகத்தை இறக்காமலே மெஷினை அவர் கையில் விட்டேன். மாப்பிள்ளை முகம் கோணினால் ஒரு வாரத்துக்கு அதைப் பாப்பாதானே தாங்க வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவர் என்னைப் பற்றி ஆபீசில் சொல்லியிருக்கிறார் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெட்கங்கெட்ட உண்மை அதுதான்.

பாப்பா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, என் ஃபைலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது, நீ போ" என்றேன்.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை மத்தியானம் அவள் போனில் பேசினாள். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். குரலில் அழுகைகூட இல்லை. கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

மேஜைமேல் அந்த ஆபீஸ்காரர்கள் அனுப்பிய கடிதமும் வரைபடத்தின் பிரதியும் கிடந்தன. பதினொரு இடத்தில் சிவப்பு வட்டம். கீழே இரண்டு வரி: திறமை தெரிகிறது, கவனம் போதவில்லை, அளவில் கவனம் இல்லாதவரை இந்த வேலையில் வைத்துக்கொள்ள முடியாது.

மாப்பிள்ளை அன்று லீவு. சோபாவில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "விடு, இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? ஆறு வருஷம் கேப் விழுந்தா யாருக்கும் இப்படித்தான் ஆகும்."

"கை விட்டுப்போச்சுண்ணா" என்றாள் பாப்பா. "ஒவ்வொரு தாளையும் மூணு தடவை பாத்தேன். சத்தியமாப் பாத்தேன். எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்து, ஒரே ஃபைலாச் சேர்த்து அனுப்பினேன். இவ்வளவு தப்பும் என் கண்ணுல படவே இல்ல பாரேன். கண்ணு இருந்தும் குருடி."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு கதவின் அகலம் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

"கதவு எவ்வளவு இருக்கணும்?"

"தொள்ளாயிரம். முப்பத்திரண்டு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. நானேதான் அடிச்சிருப்பேன்."

மூவாயிரம் இருக்க வேண்டிய சுவர் மூவாயிரத்து அறுபத்து நான்கு என்று இருந்தது. கை தவறி அடிக்கிறவர்கள் தொள்ளாயிரத்தை எண்ணூறு என்று அடிப்பார்கள், ஒரு சைபரை விடுவார்கள். முப்பத்திரண்டும் அறுபத்து நான்கும் கை செய்கிற தப்பு இல்லை. கம்ப்யூட்டர் எந்த எண்ணையும் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகிற துண்டுகளாகத்தான் வைத்துக்கொள்ளும்; மெமரியில் அப்படி ஒரே ஒரு துண்டு புரண்டால் எண் இப்படித்தான் முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று குதிக்கும். என் தங்கை சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். முப்பத்து நான்கு தாளையும் ஒன்றாகத் திறந்து மெமரி நிரம்பியபோது அது தன் புத்தியைக் காட்டியிருக்கிறது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். "மெஷினை ஒரு தடவை பாக்கணும்" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் டெஸ்ட்டை ஓடவிட்டேன். மூன்றாவது மணி நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரி. மெமரியைப் பழைய வேகத்துக்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒரு தப்பும் இல்லை. அந்த அஞ்சு நிமிஷ வேலைதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை ஆபீசிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். மெஷின் எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"என் கேம்ல ஒரு தடவைகூட ஒண்ணும் ஆகலையே மச்சான்?"

"கேம்ல ஒரு மரத்துக்கு இலை நிறம் மாறினா நீங்க நின்னு பாப்பீங்களா மாப்ள? சுட்டுட்டுப் போயிட்டே இருப்பீங்க. அவ வேலையில ஒரு நம்பர் மாறினா சுவரே நகரும்."

நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட இதைச் சொல்ல வேணாம். சொன்னா போன வேலை வரப்போகுதா? என் மூஞ்சியில முழிக்க மாட்டா. உங்களையும் சும்மா விட மாட்டா. அவளே மனசைத் தேத்திக்கிட்டு வர்றா. கிளறாதீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை அப்படியே வெளியே தள்ளியிருக்க வேண்டும். "பாக்கலாம் மாப்ள" என்றேன். என்ன பார்க்கலாம்? மண்ணாங்கட்டி. அவர் எனக்காகவும் சேர்த்துத்தான் பேசினார் என்பது எனக்கு வசதியாக இருந்தது. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. பாப்பா இரண்டு தடவை கூப்பிட்டாள். "பார்ட்ஸ் வரணும்" என்று பொய் சொன்னேன். அந்த மூன்று நாளும் கடைக்கு வந்தவர்களை எல்லாம் கண்டபடி திட்டினேன். மௌஸ் வாங்க வந்த ஒரு பெரியவர் வாங்காமலே திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாப்பாவே கடைக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதைத் திறந்து, கம்ப்யூட்டரில் அவள் வரைவதற்கு வைத்திருந்த பேனாவையும் பலகையையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். "வரையறவங்க யாராவது வந்தா குடுத்துரு. நல்லா வேலை செய்யுது" என்றாள்.

இதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மெமரி, அட்டையில் போட்டிருந்த எண், நாலே முக்கால் மணி, இருபது நிமிஷ டெஸ்ட், எல்லாவற்றையும். "உன் கை எங்கேயும் போகல பாப்பா. நீ போட்டது தொள்ளாயிரம்தான். தப்பு என்னுது."

அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதைப் பார்த்திருக்கக் கூடாது நான். ஒரு நொடி, பத்து வயசு குறைந்தாற்போல, "அப்ப நான் சரியாத்தான் போட்டேனா?" என்று கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமையா?" திரும்பக் கேட்டாள். "நான் புதன்கிழமை போன்லயே அந்த ஆபீஸ் அம்மாவுக்கு எழுதினேன்."

"என்னன்னு?"

"தப்பெல்லாம் என்னோடதுதான், சாக்குச் சொல்ல விரும்பல, ஆறு வருஷத்துல கவனம் போயிருச்சு, உங்க நேரத்தை வீணாக்கினதுக்கு மன்னிச்சிருங்கன்னு. அவங்க உடனே பதில் போட்டாங்க. தப்பை இப்படி ஒத்துக்கறவங்களைப் பாக்கறதே அபூர்வம், வேற எங்கயாவது சின்ன வேலையா ஆரம்பிங்கன்னு."

"நான் எழுதறேன் பாப்பா. டெஸ்ட் ரிப்போர்ட்டோட எழுதறேன். கடை சீல் வெச்சுத் தர்றேன்."

"என்னன்னு எழுதுவ? கம்ப்யூட்டர்தான் தப்புப் பண்ணுச்சுன்னா?" சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "வேலை போனவங்க எல்லாரும் சொல்ற சாக்கு அதுதான். அதையும் யாரு எழுதறது, கூடப்பிறந்த அண்ணன். நான்தான் தப்புப் பண்ணேன்னு என் கைப்படவே குடுத்தாச்சு. இனிமே எவ நம்புவா?"

"மாப்ளதான் சொல்ல வேணாம்னு..." என்று ஆரம்பித்தேன். பேடி மாதிரி அதையும் சொன்னேன்.

"அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவருக்கு விளையாடணும், அவ்வளவுதான். தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரேன்னுதானே நான் வந்து கேட்டேன்."

அவள் எழுந்து, சரிசெய்து வைத்திருந்த பெட்டியை மேஜையிலிருந்து தூக்கப்போனாள். நல்ல கனம். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "நான் கொண்டாந்து வெக்கறேன், விடு பாப்பா."

"வேணாங்க. நீங்க கடையப் பாருங்க."

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்டவள். கையை எடுத்துக்கொண்டேன். அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, முழங்கையால் கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனாள். வெயிலில் நின்று வண்டிக்காகக் காத்திருந்தாள். நாலைந்து வண்டி நிற்காமல் போயிற்று. நான் உள்ளேயே நின்றேன்.