கை நனைக்க வந்தவர்கள்

என் மேல் பழி போடுகிறவர்கள் முதலில் அந்த மழையைக் கேட்கட்டும். ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து விடாத மழை. அந்த மழையில், நான் டிரைவராக இருக்கும் முதலியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய ஆஸ்டின் காரை வாங்கிக்கொண்டு, பீச் ஸ்டேஷன் வாசலில் மாப்பிள்ளை வீட்டாருக்காக நின்றவன் நான்.

கல்யாணம் என் தங்கை வரலட்சுமிக்கு. வயது இருபத்தெட்டு. பத்து வருஷமாகத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. அவள் சம்பளமும் சேர்ந்தால்தான் என் மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டு வேளை சோறு. இது தெருவுக்கே தெரிந்த விஷயம், நான் என்ன மறைக்க? போன மாதம் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பிடித்திருக்கிறது என்று ஆள் சொல்லியனுப்பினார்கள். கை நனைப்பதுதான் பாக்கி. பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்து போனால் வேண்டாம் என்று அர்த்தம். ஏற்கெனவே இரண்டு பேர் அப்படி எழுந்து போயிருக்கிறார்கள். அதனால் தங்கச்சி அன்றைக்கு யாரையும் அடுப்பங்கரைக்குள் விடவில்லை. பன்னிரண்டு மணிக்குள் அழைத்து வந்துவிடு என்று என்னிடம் நாலு தடவை சொன்னாள்.

அரக்கோணத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை துரை, ரயில்வேயில் ஃபிட்டர், வாயில்லாப் பூச்சி. அவருடைய அம்மா தாயம்மா. அப்பா சுப்பராயனுக்குக் காரைக் கண்டதும் வாயெல்லாம் பல். எண்ணூர்ப் பக்கம் சமுத்திரம் ரொம்ப ஜோராக இருக்குமாமே என்றார்.

"அதுக்கின்னா மாமா, காட்டிட்டா போச்சி" என்றேன்.

ராயபுரத்தில் இட்லியும் வடைகறியும் வாங்கிக் கொடுத்தேன். மனுஷன் மூன்று பிளேட் இறக்கினார். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை வந்தபோது துரை முன்னால் குனிந்து, முதலில் வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் சுற்றலாமே என்றார். மணி பத்துகூட ஆகவில்லை, சமையல் முடிந்திருக்காது என்று சொல்லி நேரே ஓட்டினேன். அவர் திரும்பித் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திருவொற்றியூரில் சாமி தரிசனம், தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். அதற்கப்புறம் எண்ணூர் ரோடு. ஒரு பக்கம் கடல் கொந்தளித்து ரோட்டு மேலேயே தெளித்தது. தாயம்மா பயந்துபோய் முருகா, கந்தசாமி என்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முகத்துவாரத்தைக் காட்டினேன், மழையில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு குடிசையில் இறால் வறுத்துக்கொண்டிருந்தார்கள். சுப்பராயன் ஒரு தடவை கேட்டார். அடுத்த இரண்டு தடவையும் அவர் கேட்காமலே நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நண்டும் நான் சொன்னதுதான். மணி ஒன்று என்று துரை சொன்னார். இதோ கிளம்பிவிடலாம் என்றேன். இரண்டு என்றார். அதற்கும் அதையே சொன்னேன்.

திரும்பும்போது கத்திவாக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. இஞ்சினுக்குள் தண்ணீர். துரைதான் புதுச் சட்டையோடு மழையில் இறங்கி, பிளக்கையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினார். கையெல்லாம் கறுப்பு. இந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போனாலும் பரவாயில்லைதானே என்று என்னைக் கேட்டார். தாராளமாக என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கியபோது நாலே முக்கால். உள்ளே மூன்று தலைவாழை இலை போட்டிருந்தது. வரலட்சுமி காலையில் கட்டிய பட்டுப்புடவையோடு கதவோரம் நின்றாள். சுப்பராயன் மணி கேட்டுவிட்டுப் படியேறாமலே நின்றார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம், நல்ல காரியத்துக்குக் கை நனைக்கக் கூடாது, ஆறு மணிக்கு ரயில், தவிர வயிற்றில் இடமும் இல்லை என்றார். முதல் அடியே தடங்கலாக இருக்கிறது, சாமிக்கே இஷ்டமில்லை போல என்றார் தாயம்மா. துரை செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். அவருடைய அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அவரும் போனார். அந்தத் துரை மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்தேன். மழை, வண்டி, அந்தக் கிழவனின் தீனி என்று வரிசையாகத் திட்டினேன். வரலட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஞாயித்துக்கெழம ராவுகாலம் எப்பன்னு ஒனக்குத் தெரியாதாண்ணா?" என்றாள்.

முதலியார் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு வண்டியை எடுக்கவிட மாட்டார். ஆறு வருஷமாக வாராவாரம் ஒன்றரை மணி நேரம் ஷெட்டில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறவன் நான். வண்டி மழையால்தான் நின்றது, சத்தியம். ஆனால் தெருமுனையில் திரும்பாமல் போனது நான்தான். அவள் போய்விட்டால் அந்தச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்ற பயம். இதை அவளிடம் சொல்லாமல் மறுபடியும் மழையைத் திட்டினேன்.

அவளே சொன்னாள். "கோயில்ல பாத்த அன்னிக்கே அவராண்ட பேசிட்டேன். எங்கண்ணன் புள்ளைங்க தலையெடுக்கற வரைக்கும் வேலைய வுடமாட்டேன், சம்பளமும் அவங்களுக்குத்தான்னு. சரின்னாரு. நம்ம பக்கத்துல இருக்கற பெரம்பூருக்கே மாத்தல் கேட்டு எழுதியும் போட்டுட்டாரு."

எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நீ கேக்கலியே" என்றாள்.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த இலைகளில் உட்காரவைத்தாள். எனக்கும் ஒரு இலை போட்டாள். காலையிலிருந்து நான் எதையும் சாப்பிடவில்லை. வெட்கம் கெட்டவன், உட்கார்ந்து தின்றேன்.