காகிதக் கூடு

வெள்ளைக் காகிதத் துணுக்குகள் மெல்ல எழும்பித் தாழ்கின்றன, எலி கண்ணில் படவில்லை, கூண்டின் மூலையில் அந்தக் குவியல் மட்டும் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, பிளாஸ்டிக் சுவருக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்று அவள் பார்க்கிறாள், இதில் என்னமோ சரியில்லை, என்னவென்றுதான் பிடிபடவில்லை. பெங்களூரில் அந்த ஆய்வகத்து எலிகள் எல்லாவற்றுக்கும் மார்பில் புற்றுக்கட்டி, இவர்களே செல்லை ஊன்றி வளர்த்த கட்டி, பாதிக் கூண்டுகளுக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர், எதற்கு எது என்று ஊசி போடுகிற அருளப்பனுக்கும் தெரியாது, கட்டியை அளக்கிற அவளுக்கும் தெரியாது, கூண்டின் மேல் சிவப்பு ஒட்டுச்சீட்டு, நீல ஒட்டுச்சீட்டு, அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு முறை கட்டியை அளக்கக் காலிப்பர் இடுக்கியை வைக்கும்போதும் சிவப்புக் கூண்டுகளில் கட்டி சுருங்கிக்கொண்டே போகிறது, முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் எலிகளோடு மல்லுக்கட்டியே வயசு போகிறது, இத்தனை வருஷத்தில் எந்த மருந்தும் அவளிடம் இவ்வளவு சமர்த்தாக நடந்துகொண்டதில்லை, பேராசிரியர் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறார், அவளோ அளந்ததையே மறுபடி அளக்கிறாள், யாரோ கை வைக்கிறார்கள், அருளப்பனைத் தவிர இந்த அறைக்குள் வேறு யார் வருகிறார்கள்.

சந்தேகம் அவள் கூடப் பிறந்தது, கோமதி அக்கா மிட்டாய் கொடுத்தாலும் பிரித்து முன்னும் பின்னும் பார்த்துத்தான் வாயில் போடுவாள், ஏட்டி, விஷமா வச்சிருக்கேன் என்று அக்கா தலையில் குட்டுவாள், அந்தக் கைதான் இப்போது பாளையங்கோட்டையில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அக்காவின் மார்பில்தான் நிஜக் கட்டி, உன் எலிக்கு எப்படிட்டி இருக்கு என்று கேட்டாள், சுருங்குதுக்கா என்றாள் இவள், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், எலிக்கு ஆனது மனுஷனுக்கு ஆக வருஷக்கணக்காகும் என்று அடுத்த மூச்சிலேயே சொன்னாள், அதெல்லாம் அக்கா காதில் ஏறினால்தானே, தெருவெல்லாம் சொல்லியாயிற்று, தங்கச்சி மருந்து கண்டுபிடிச்சுட்டா என்று, இவளிடம் சொல்கிறாள், டாக்டர் மார்பை எடுத்துரணும்னு நிக்காரு, நான் தை கழியட்டும்னுட்டேன், உன் மருந்து வந்துரும்லா. வந்துரும்லா, வந்துரும்லா என்று பஸ்ஸிலும் குளியலறையிலும் அந்தக் குரல், கண்ணை மூடினால் அக்கா கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள், காதோரம் சிவப்பு ஒட்டு, இவள் காலிப்பரோடு நிற்கிறாள், அக்கா மிட்டாயை நீட்டுகிறாள், பிரித்துப் பாருட்டி என்கிறாள்.

பிரித்துத்தான் பார்த்தாள். அருளப்பன் ஊசிகளை முடித்திருப்பார் என்ற நேரம் பார்த்து, கண்ணாடியை மறந்துவிட்டவள் மாதிரி கதவைத் தள்ளுகிறாள், அவர் முதுகு தெரிகிறது, சிவப்புக் கூண்டின் மூடி திறந்திருக்கிறது, உள்ளே கை, பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு குதிக்கிறது, என்ன பண்றீங்க அருளப்பன். அவர் பதறவே இல்லை, தூத்துக்குடிக்காரர், எதற்கும் பதறமாட்டார், கை நிறைய காகிதத் துணுக்கு, ஊசி போட்டதும் இதுங்க மட்டும் மயிரைச் சிலுப்பிக்கிட்டுக் கூனிப்போயி உக்காருது டாக்டரம்மா, நீலத்துல உள்ளது நல்லாத்தான் ஓடித் திரியுது, இதுகளுக்குக் குளிருதுல்லா, மனசு கேக்கல, ரெண்டு பிடி கூடப் போட்டேன். எத்தனை நாளா. ஆரம்பத்துல இருந்தே. அடப்பாவி மனுஷா, திருடன் என்று நினைத்து வந்தால் இரக்கம் அல்லவா கையில் அகப்படுகிறது, இரக்கத்தை என்ன சொல்லித் திட்டுவது.

அவளும் படித்ததுதான், இந்த அறையின் குளிர் நமக்குச் சுகம், எலிக்கு இல்லை, குளிர்ந்த உடம்பு சூடு தேடுவதிலேயே தீர்ந்துபோகும், கட்டியோடு மோதத் தெம்பு மிஞ்சாது, கதகதப்பாகக் கிடந்தால் மிஞ்சும், அப்படியானால் சுருக்கியது மருந்தா, காகிதமா, இந்த அறையில் யாருக்கும் தெரியாது, எல்லாக் கூண்டுக்கும் ஒரே அளவு காகிதம் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அருளப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார், பேராசிரியர் பல்லை மூடிக்கொண்டார், அதெல்லாம் அப்புறம், முதலில் மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள், அக்கா, அந்த மருந்தை நம்பாதே, என்னையும் நம்பாதே, டாக்டர் சொல்றதைக் கேளு, தையும் வேண்டாம் மாசியும் வேண்டாம், காகிதக் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள், அக்கா கேட்டாள், அப்போ மத்த எலியெல்லாம் குளிர்லயாட்டி கெடந்துது, பாவம். அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது, சரி, எப்ப வாரே, நீ வந்தாத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

வந்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்து கட்டிலில் போட்டிருக்கிறார்கள், அக்கா முகம் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாள், வெள்ளைப் போர்வை மெல்ல எழும்பித் தாழ்கிறது, ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் தட்டையாக, முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னதை இவள் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டாள், இன்னும் நம்பிக்கை வரவில்லை, வராது, போர்வைக்குள்ளிருந்து குளிருதுட்டி என்று முனகல், பையிலிருந்த தன் சால்வையை எடுத்து மேலே போடுகிறாள், பக்கத்துக் கட்டில்காரியின் பெட்ஷீட்டையும் கேட்டு வாங்கிப் போடுகிறாள், இதை யாரும் அளக்கப்போவதில்லை.