நல்லாத்தான் தின்னுறான்

எங்கள் பக்கத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், கூப்பிடுகிறவன் எந்த மொழியில் பேசுகிறானோ அதை விட்டுவிட்டு வேறு மொழியில் பதில் சொல்லுவோம். தமிழில் கேட்டால் கன்னடம். கன்னடத்தில் கேட்டால் தெலுங்கு. பாதிப் பேர் அதிலேயே வைத்துவிடுவார்கள். மூன்று மாநில எல்லைப் பக்கம் குருபரப்பள்ளியில் குடியிருப்பவனுக்கு இது ஒரு வசதி.

அன்றைக்குத் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"நாராயணப்பன் ஐயாங்களா? சென்னையில கப்பல் தொழிலாளர் சங்கத்துலருந்து நிர்மலா பேசறேன்."

"தமிளு பரல்லம்மா" என்றேன், தமிழ் வராது என்று கன்னடத்தில்.

"பரவாகில்ல, கன்னடதல்லே மாத்தாடோணா" என்றாள் அவள்.

வசமாக அகப்பட்டுக்கொண்டேன். தமிழுக்கே திரும்பினேன்.

"உங்க பையன் பிரகாஷ் வேலை பாக்கற கப்பல்ல சம்பளம் ஒழுங்கா வருதுங்களா? சாப்பாடு, தண்ணி பத்தி ஏதாவது சொன்னாருங்களா?"

என் மகன் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துத் திம்மராயனுக்கு இப்படித்தான் ஒருத்தன் போன் போட்டு, உன் பையனைப் பெங்களூரில் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது என்றான். பையன் அப்போது எதிரிலேயே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். அப்படியும் திம்மராயன் ஒரு பாடு அழுதுதான் ஓய்ந்தான். உலகம் அப்படிக் கெட்டுக் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஓட்டியே தலை நரைத்தவன். அங்கே முன்பின் தெரியாதவன் வந்து, தீனி எடுக்குதா, கால் தாங்குதா என்று கேட்டால் அவன் விலையைக் குறைக்க வந்தவன். மாடு வைக்கோலை மோந்து பார்க்காமல் நின்றாலும் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நல்லாத்தான் தின்னுது. வீட்டுக் குறையை வெளியாளிடம் சொன்னவன் கயிற்று விலைக்கு மாட்டை விற்றுவிட்டு வருவான்.

ஆகவே நிர்மலாவிடம் சொன்னேன்: "சம்பளம் மாசாமாசம் வருது. நல்லாத்தான் தின்னுறான். கொழுத்துப்போயிட்டான். கப்பலை விட்டு எறங்கவே மனசில்லைங்கிறான்."

"நிச்சயமாங்களா ஐயா?"

"பொய் சொல்லி எனக்கு என்னம்மா ஆவப்போவுது?"

போனை வைத்துவிட்டு மடையை மாற்றினேன். ஏமாற்றுக்காரி ஒருத்தியை விரட்டிவிட்ட நிம்மதி எனக்கு. சம்பளம் சில மாதமாக வரவில்லை என்பது உண்மை. பாங்கியில் கோளாறு என்று பிரகாஷ் சொல்லியிருந்தான். பாங்கியைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நான் நம்பிவிடுவேன்.

ஓசூரில் அத்தனை கம்பெனி இருக்க, ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடப் போனவன் அவன். கடலே கண்ணில் படாத ஊரிலிருந்து. ஓசூரில் மாரிசாமி என்று ஒரு ஏஜெண்டு இருக்கிறான். கப்பல் வேலைக்கு ஆள் அனுப்புகிறவன். டை கட்டிக்கொண்டு ஆவணி வெயிலில் நிற்கிறவனை நம்பாதே என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

இப்போது வீட்டில் ஒரு விசேஷம் வேறு. மகள் பிரியா மத்திகிரியில் குடியிருக்கிறாள். மாப்பிள்ளை சக்திக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். ஒரு வயசில் குத்தியிருக்க வேண்டியது, தாய்மாமன் கடலில் இருக்கிறான் என்று தள்ளிப்போட்டார்கள். இந்த ஆனியோடு மூன்று வயசு முடிகிறது. இதை விட்டால் ஒற்றைப்படைக்கு ஐந்தாவது வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டும். சித்தப்பா பெரியப்பா மடியெல்லாம் கணக்கில் சேராது. தாய்மாமன் மடிதான் வேண்டும்.

மறுநாள் பிரகாஷே கூப்பிட்டான்.

"ப்பா, நிர்மலா மேடம்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அந்தத் திருடியா? உனக்கும் போன் பண்ணிட்டாளா?"

"அவங்க திருடி இல்லப்பா. நாங்கதான் அவங்களக் கூப்பிட்டோம். கப்பலை விட்டு எறங்க எனக்கு மனசில்லைன்னு சொன்னீங்களா இல்லையா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அப்புறம்தான் அவன் உண்மையைக் கக்கினான். கப்பல் முதலாளி கடன்பட்டு ஓடிவிட்டான். வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கப்பல் சும்மா நிற்கிறது. டீசல் இல்லை, விளக்கு இல்லை, தண்ணீருக்கும் தட்டுப்பாடு, தகரம் கொதிக்கிறது. அரிசியும் வெங்காயமும்தான் மிச்சம். நடுவில் மீன் பிடித்துத் தின்கிறார்களாம்.

"நீ எப்பிடிடா மீன் புடிக்கிற? உனக்குக் கெண்டைக்கும் கெளுத்திக்குமே வித்தியாசம் தெரியாதே."

"கடல்ல அதெல்லாம் கெடையாதுப்பா. கொத்துறதுதான் மீனு. அத விடுங்க. எல்லாரையும் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு ஆயிடுச்சு. ஆனா கப்பலக் காலியா விடக்கூடாது, காவலுக்கு ஆள் வேணும்னு துறைமுகத்துல சொல்றாங்க. பிரகாஷ் சந்தோஷமா இருக்கான், அவனே இருக்கட்டும், வேணும்னா அவங்கப்பாவக் கேளுங்கன்னு மாரிசாமி சொல்லிட்டான். ஊருக்கு வர நான் பொய் சொல்றேன்னு வேற கெளப்பிவிட்டான், அதான் உங்களக் கேட்டாங்க. நீங்களும் சொல்லிட்டீங்க!"

என் வாயை நானே ஒரு தடவை அறைந்துகொண்டேன். சந்தையில் நாற்பது தரகனைப் பார்த்த வாய்.

செய்தி வீட்டுக்குள் போன வேகத்தில் பிரியா போனில் வந்தாள். "எந்தம்பி மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படாது. உங்க வாய்தானே அவனக் கப்பல்ல கட்டிப்போட்டுச்சு? நீங்களே அவுத்து விடுங்க."

என் சம்சாரம் ருக்மணியின் வழி வேறு. மத்தியானம் தட்டில் சோறும் ஒரு முழு வெங்காயமும் வைத்தாள். குழம்பு அடுப்பில் மணத்துக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது?"

"எம்பையன் தின்னுறதுதான். நல்லாத்தான் தின்னுவீங்க, தின்னுங்க."

தின்றேன். பிறகு நானே நிர்மலாவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க ஐயா. இன்னிக்கு எந்த பாஷையில பேசலாம்?" என்றாள். பொல்லாத பெண்.

"தமிழ்லயே பேசும்மா. நான் நேத்து சொன்னது சுத்தப் பொய்யி."

"பொய் சொல்லி எனக்கென்ன ஆவப்போவுதுன்னீங்களே?"

"பழக்க தோஷம்மா. மாடு விக்கிறவன்."

அவள் சிரித்துவிட்டு விவரம் சொன்னாள். கப்பலுக்கான பழைய சட்டம் ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் போட்டதாம். போன வருஷம் டில்லியில் அதை எடுத்துவிட்டுப் புதுச்சட்டம் கொண்டுவந்திருக்கிறார்களாம். முதலாளி நடுக்கடலில் கைவிட்டுவிட்டால் நம் ஆட்களை ஊர் கொண்டுவந்து சேர்க்க அதில் வழி சொல்லியிருக்கிறதாம். கப்பல் எந்த தேசத்துக் கொடி கட்டியிருந்தாலும் நம் ஆள் நம் ஆள்தானாம்.

"கொடி யாருதும்மா?"

"ஏதோ ஒரு சின்னத் தீவு. முதலாளி அங்க போனதே இல்ல."

அது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ரோட்டில் பெங்களூர் ஆம்னி பஸ் நாகாலாந்து நம்பரில் ஓடுகிறது. ஓட்டுகிறவனுக்கும் நாகாலாந்து எந்தத் திசை என்று தெரியாது.

"டில்லியில சட்டம் போட்டா அது குருபரப்பள்ளி வந்து சேர எத்தன டோல்கேட் தாண்டணும் தெரியுமாம்மா? நான் நம்பல."

"நம்ப வேணாங்க. நாளைக்குக் காலையில கப்பல் துறை அதிகாரி வீடியோவுல வருவார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போதும்."

அதுதானே கஷ்டம். ஒரு முழு அதிகாரிக்கு முன்னால் என் வீட்டில் இது இல்லை, அது இல்லை என்று சொல்வதா? அதைவிட வெங்காயம் தின்றுவிடலாம். ருக்மணியிடம் சட்டத்தின் வயசைச் சொன்னேன். "நானும் அந்த வருஷந்தான் பொறந்தேன்."

"அத மாத்திட்டாங்க. உங்கள எப்ப மாத்துவாங்களோ" என்றாள்.

மறுநாள் அதிகாரிக்கு முன்னால் மாரிசாமி வந்து சேர்ந்தான். கார், டை, கையில் ஓசூர் பேக்கரி மைசூர்பாகு. வீடியோவில் பேசுவதற்காகப் பிரியா தன் போனை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்திருந்தாள். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மைசூர்பாகு உருகியிருக்க வேண்டும்.

"ஐயா, முந்தாநாள் சொன்னதையே இன்னிக்கும் சொல்லிடுங்க" என்றான் மெதுவாக. "கப்பலுக்குப் புது முதலாளி வர்றார். சம்பளம் மொத்தமா வந்துடும். புகார் அது இதுன்னு போனா, பையன இனி எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்குச் சொல்கிறேன் என்றவன் ஒருத்தனாவது எனக்கு நல்லது செய்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் மனசு ஆடியது. பையன் பிழைப்பு ஆயிற்றே. அந்த நேரம் பார்த்து அவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"கப்பல் நல்ல கப்பல்ங்க. சாப்பாடெல்லாம் நல்லாத்தான் போவுது."

நல்லாத்தான் போவுது! என் சரக்கையே எனக்கு விற்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை நாள் விற்கிறவனாக நின்று பேசியிருக்கிறேன். இந்த வியாபாரத்தில் விற்கிறவன் இவன். நான் வாங்கினவன். சொத்தை மாட்டை வாங்கினவன்!

விற்கிறவன் குறையை மறைக்க வேண்டும். வாங்குகிறவன் குறையைக் கூவ வேண்டும். அதில் வெட்கம் ஏது? சந்தையில் அதற்குத்தானே வாய்.

போனில் அதிகாரி முகம் வந்தது. பக்கத்துக் கட்டத்தில் நிர்மலா. கண்ணாடி போட்ட சின்னப் பெண்.

"சொல்லுங்க பெரியவரே, உங்க பையன் விருப்பப்பட்டுத்தான் கப்பல்ல இருக்காரா?" என்றார் அதிகாரி.

நான் மாரிசாமியின் பக்கம் திரும்பினேன். "ஏம்ப்பா, அந்தக் கப்பல நீ பாத்திருக்கியா?"

"போட்டோ பாத்திருக்கேன்."

"போட்டோவப் பாத்து மாடு வாங்கினவன் எவனாச்சும் குந்தாரப்பள்ளியில இருக்கானா? பல்லப் புடிச்சுப் பாத்தியா? சுழி பாத்தியா? நடத்திப் பாத்தியா? நிக்கிற எடத்த விட்டு நவுராத கப்பலுக்கு எம்பையன அனுப்பிட்டு, நல்ல கப்பல்ங்கிற!" அதிகாரியிடம் திரும்பினேன். "ஐயா, எழுதிக்கங்க. சம்பளம் வரல. சோறு வெங்காயம். தண்ணி மழை பேஞ்சா உண்டு. வெளக்கு இல்ல. முதலாளிக்கு ஊர் இல்ல, கொடிக்கு முதலாளி இல்ல. எம்பையனுக்குக் கப்பல்ல இருக்க இஷ்டமே இல்ல. எங்க வீட்ல காது குத்து வெச்சிருக்கோம், மடி வேணும். இவன் கட்டியிருக்கிற டையும் எனக்குப் புடிக்கல. முந்தாநாள் நான் சொன்னது மொத்தமும் பொய்யி, இன்னிக்குச் சொல்றது மொத்தமும் நெசம். அப்புறம் எங்க ரோட்டுல சர்வீஸ் ரோடு போடறேன்னு தோண்டிப்போட்டவன்..."

"ஐயா, போதுங்க, அது எங்க துறை இல்ல" என்றாள் நிர்மலா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மாரிசாமியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "காவலுக்குத் துறைமுகத்துலயே ஆள் போட்டுக்கட்டும். விருப்பம் இல்லாதவரை நிறுத்தி வைக்க முடியாது. அனுப்பினவர் நீங்க, நீங்களும் பதில் சொல்லணும். நாளைக்கு ஆபீசுக்கு வாங்க."

மாரிசாமி டையைத் தளர்த்திக்கொண்டான். போகும்போது மைசூர்பாகு டப்பாவை எடுக்கக் கை நீட்டினான். ருக்மணி அதை முந்திக்கொண்டு உள்ளே வைத்துவிட்டாள்.

இவ்வளவும் ஆன பிறகும் நான் நம்பவில்லை. விமான டிக்கெட்டைப் பிரகாஷ் பிரியாவின் போனுக்கு அனுப்பிக் காட்டினான். டிக்கெட் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றேன்.

காது குத்து அன்று குலதெய்வம் கோயிலில் எல்லாரும் கூடிவிட்டோம். மொட்டை போட்டாகிவிட்டது. கிடாய் அண்டாவில் கொதிக்கிறது. ஆசாரி தங்கக் கம்பியோடு உட்கார்ந்து, ராகுகாலம் வரப்போவுதுங்க என்று என்னைப் பார்க்கிறார். விடிகாலையில் பெங்களூரில் வந்து இறங்கியவனைக் கூட்டிவர சக்தி காரில் போயிருந்தார். நான் போன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"அத்திப்பள்ளி நெரிசல்லப்பா."

"கடலத் தாண்டினவனுக்கு அத்திப்பள்ளியத் தாண்ட முடியல!"

சித்தப்பாக்காரர் ஒருத்தர், நேரம் போவுது, நான் மடியில வெச்சுக்கட்டுமா என்றார். பிரியா பார்த்தாள். அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆசாரி எழுந்து நின்று வேட்டியை உதறும் சமயம் கார் வந்தது. இறங்கியவனை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கறுத்து, இளைத்து, மார் வரைக்கும் தாடி. பேத்தி அவனைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ஓடி என் காலைக் கட்டிக்கொண்டாள். பிடித்து அவன் மடியில் வைத்தோம். பாப்பா ஊசிக்கு அழவில்லை. தாடிக்குத்தான் அழுதாள். ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டு, இந்த மாதிரி சுலபமா ஒரு காதும் குத்தினதில்லைங்க என்றார். ருக்மணி மகன் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பந்தியில் பிரகாஷ் உட்கார்ந்தான். பரிமாறுகிறவன் வெங்காயப் பச்சடியை நீட்டினான். பிரகாஷ் இலை மேல் கையைக் குறுக்கே வைத்து மறித்தான். கறி வந்தது. கறி மறுபடியும் வந்தது. பக்கத்து இலைக்காரர் எழுந்து போய், அங்கே அடுத்த ஆள் உட்கார்ந்தும் இவன் எழுந்திருக்கவில்லை.

என் போன் அடித்தது. நிர்மலா.

"பையன் வந்து சேர்ந்துட்டாருங்களா ஐயா? எப்படி இருக்கார்?"

அவன் நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் தின்னுறான்மா" என்றேன்.



"ஐயா, கோச்சுக்காதீங்க" என்றாள். "போனைக் கொஞ்சம் அம்மாகிட்டக் குடுங்க."