எந்தத் துண்டு வைப்பது

தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கொடுத்து, செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்து, பகலுக்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்துவிட்ட பழனியாண்டிக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். கொழுந்து பறிக்கும் அவன் மனைவி பேச்சியம்மாவுக்கு முதுகெலும்பு விலகி, ஒரு கால் மரத்துப்போயிருந்தது. கண்டியில் ஒப்பரேஷன். எலும்புகளுக்கு நடுவே டைட்டேனியத் துண்டு வைப்பதா, பிளாஸ்டிக் போன்ற புதுத் துண்டா என்று நாளைக்கு முடிவு.

"பிளாஸ்டிக் வேணாம் மச்சான்," என்றான் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகுமுத்து. "எங்க வீட்டு வாளி ஒரு வெயிலுக்குத் தாங்கல. இரும்புன்னா கொழுந்துக் கூடையத் தூக்கலாம்."

"துருப்புடிச்சா?"

"ஒம் பொண்டாட்டி என்ன, முதுகக் கழட்டி மழையிலயா வைக்கப்போறா?"

மறுநாள் கண்டி ஆஸ்பத்திரியில், யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் ஜெயரத்தினம் புருஷன் பெண்டாட்டி இருவர் முன்னாலும் இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தார். விரல்நுனி அளவுதான்.

"ரெண்டும் தாங்கும். டைட்டேனியம் துருப்பிடிக்காது, எலும்பும் அதிலை நல்லாப் பிடிக்கும். ஆனா எக்ஸ்ரேயிலை எலும்பு ஒட்டினதை மறைக்கும். மற்றது மறைக்காது, எலும்பு பிடிக்கிறதுதான் கொஞ்சம் குறைவு."

"எதை வச்சா சீக்கிரம் கூடை தூக்கலாங்க?"

டொக்டர் அவனையே பார்த்தார். "எலும்பு ஒட்டுறவரைக்கும் துண்டு சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கும். அதுக்குள்ளை பாரம் ஏத்தினா எதுவும் கழரும். பிறகும் கூடை வேண்டாம்."

பேச்சியம்மா சிரித்தாள். "கூடை மட்டுமா? மலையிலருந்து எறங்குனா வெறகு, தண்ணி வாளி. நீங்க பகல்லயே வந்து காலை நீட்டிருவீங்க. எனக்குள்ள என்ன வைக்கிறதுன்னு லயமே பேசுச்சு. என் மேல இருக்கிறத எறக்க ஒருத்தரும் பேசல." டொக்டரிடம் திரும்பினாள். "ஒட்டுனது கண்ணுக்குத் தெரியிற துண்டையே வைங்கய்யா. இல்லாட்டி ஒட்டுறதுக்கு முந்தியே என்னய மலைக்கு அனுப்பிருவாங்க."



அன்று மாலை பழனியாண்டி குழாயடியில் பெண்களுக்கு நடுவே வாளியோடு நின்றான். அந்த லயத்தில் ஆண்கள் வாளி தொடுவதில்லை.

"என்ன அண்ணே, பேச்சி சேலையையும் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே?" என்றாள் வரிசையில் நின்ற மீனம்மா.

வாசலில் குந்தியிருந்த அழகுமுத்து உரக்கச் சிரித்தான்.

தோளில் ஏற்றிய வாளி தளும்பிச் சட்டையை நனைத்தது. பழனியாண்டி நின்றான்.

"சிரிங்க. எந்தத் துண்டு ஒசத்தின்னு கேட்டு அலைஞ்சேன். எதை வச்சுத் தச்சாலும், எல்லாச் சொமையையும் பொம்பள முதுகுலயே போட்டா அது ஒடியத்தான் செய்யும். மாத்த வேண்டியது சொமைய. நீயும் வாளியத் தூக்கு அழகுமுத்து, ஒம் பொண்டாட்டி முதுகு இன்னும் நல்லாத்தானே இருக்கு."