பின்வாசல் குண்டான்

இரண்டு கைகளும் வெள்ளையாக இருக்கின்றன, மாவில் தோய்த்து எடுத்ததுபோல, அந்தக் கைகளுக்கு மேலே ஓர் இரும்புத் தண்டு இரண்டு முனைகளிலும் மாட்டிய வட்டுகளின் பாரத்தில் லேசாக வளைந்து நிற்கிறது, தண்டுக்குக் கீழே என் தங்கை கெசியாவின் முகம், எதிர்ச்சுவரில் எங்கோ ஓரிடத்தில் பார்வையைக் குத்தி நிறுத்தியிருக்கிறாள், முழங்கை நடுங்குகிறது, நடுங்குகிறதே தவிர மடங்கவில்லை, நடுவரின் கை கீழே இறங்குகிறது, மணி ஒலிக்கிறது, தண்டு தரையில் விழுந்து ஒருமுறை துள்ளுகிறது, மூன்று வெள்ளை விளக்குகள், தூக்கியது செல்லும், அவ்வளவுதான், படம் முடிந்துவிடுகிறது, நான் கைபேசியில் அதை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டுகிறேன், வடக்கே பெயர் வாயில் நுழையாத ஓர் ஊரில் முந்தாநாள் முடிந்துபோன ஒரு பளுதூக்கும் போட்டிக்காக, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பின்வாசல் அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி, ஒரு கையில் கரண்டியோடு இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கறி தீயப்போவுது, அந்த போனை வெச்சிட்டுக் கிண்டுடி, என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது, தையல் மெஷினின் சத்தத்துக்கு மேலே, கருகுகிற கறியின் மணத்தைப் படியைத் தாண்டாமலே கண்டுபிடிக்கத் தெரிந்த அம்மா, இந்த மூன்று நாளில் அந்தப் படத்தை என்னைவிட அதிகமாகப் பார்த்தவள், தெருவில் போகிற கீரைக்காரியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டியவள், பாரு, எம் பொண்ணு, தொண்ணூத்தெட்டு கிலோ, வெள்ளி மெடலு, என்று சொல்லி அவள் கையில் ஒரு பிடி சர்க்கரை போட்டவள், ஆனால் நான் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லாதவள்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக்கு இருப்பது ஒரே குண்டான், அலுமினியம், வெளிப்பக்கம் முழுக்கக் கரியேறி உள்ளே மட்டும் நிலா மாதிரி இருக்கும், அதற்கென்று ஒரு கரண்டி, மூன்று தட்டு, தேய்க்க ஒரு தனி நார், எல்லாம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரோடு சரி, நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, அம்மா பிறந்த வீட்டில் அந்தக் கறியின் பெயரைச் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வார்களாம், அந்த வீட்டை விட்டு மாற்றுப் புடவைகூட இல்லாமல் அப்பாவோடு கிளம்பி வந்தவள், வந்த மூன்றாம் நாள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம், நீங்க சாப்பிடுங்க, நான் வேணாங்கல, உள்ள மட்டும் கொண்டாராதீங்க, அப்பா மறுபேச்சுப் பேசாமல் செம்மண் குழைத்துப் பின்னால் இந்த அடுப்பைப் போட்டார், அடுப்புக்கு என்னைவிட ஒரு வயது கூட, யாராவது கேலி செய்தால் அப்பா சொல்வார், அவ எனக்காக ஒரு ஊரையே உட்டுட்டு வந்தா, நான் அவளுக்காக ஒரு வாசப்படிய உடமாட்டனா. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவும் நானும் கெசியாவும் பின்படியில் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவோம், உள்ளே அம்மா தனியாக ரசச்சோறு, நடுவில் நான்கு விரல் உயர மரக்கட்டை, பேச்சு அதைத் தாண்டிப் போகும் வரும், சிரிப்பு போகும் வரும், உப்பு போதுமாங்க என்று அவளே உள்ளேயிருந்து கேட்பாள், வாரத்தில் நாங்கள் நால்வரும் வீட்டில் இருக்கிற ஒரே வேளை அது, அந்த ஒரு வேளையும் இப்படித்தான் பிரிந்து உட்கார்ந்தோம், யாருக்கும் யார்மேலும் கோபமில்லாமல், இருபத்துநான்கு வருஷம்.

எண்ணெயில் சோம்பு பொரிந்து, வெங்காயம் சிவந்து, இஞ்சி பூண்டின் பச்சை வாசனை போய், தக்காளி கரைந்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிய கறி ஒன்றரை மணி நேரமாக வெந்துகொண்டிருக்கிறது, ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்க்கிறேன், இன்னும் கொஞ்சம், ஒரு பச்சைப் பப்பாளித் துண்டைப் போட்டு மூடுகிறேன், மூடி தட்தட்டென்று ஆட ஆரம்பிக்கிறது, அந்தச் சத்தத்தில் எனக்கு எப்போதும் ஒரு மழைக்கால நகரம் தெரியும், நான் போயிராத நகரம், மாவட்ட நூலகத்தின் கடைசி அலமாரியில் முதுகு கிழிந்து கிடந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் இருந்தது அது, அதில் ஒரு தாய் போருக்குப் போன மகன்கள் திரும்பிவரும் நாளில் மாட்டிறைச்சியையும் மாவுக்குழல்களையும் ஒரே பாத்திரத்தில் வேகவைப்பாள், நீண்ட மேசையைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்கள், சன்னலில் ஆவி படியும், ஒருவன் அதில் விரலால் தன் பெயரை எழுதுவான், மாவுக்குழல் என்றால் என்ன என்று மொழிபெயர்த்தவர் அடிக்குறிப்பு எதுவும் போடவில்லை, நான் இரண்டு வருஷம் அதைக் கல்யாணப் பந்தியில் விரலில் மாட்டிக்கொண்டு கடிப்போமே, அந்தக் குழல் அப்பளம் என்றே நினைத்திருந்தேன், அந்தத் தாய் ஏன் அப்பளத்தைக் குழம்பில் போட்டு ஊறவைக்கிறாள் என்று வருத்தப்பட்டேன். பிறகு ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் பாஸ்தா பாக்கெட்டைப் பார்த்ததும் அலமாரி முன்னாலேயே நின்றுவிட்டேன், அந்த மாவுக்குழல் இதுதான், வாங்கிவந்து பின்பக்கம் படித்தேன், தனியே ஒரு பெரிய பாத்திரத்தில் வேகவைத்து வடிகட்டவும், வேறொரு பாத்திரத்தில் கறியைச் செய்து கலக்கவும், எனக்கு இருப்பதோ ஒரே குண்டான், கறி பட்ட பாத்திரம் உள்ளே போகாது, உள்ளே இருக்கிற பாத்திரம் வெளியே வராது, சரி, எல்லாம் இதிலேயே வேகட்டும் என்று சேமியாவை வறுப்பதுபோல அந்தக் குழல்களை முதலில் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுத்து வைத்தேன், கறி வெந்ததும் சுடுதண்ணீர் ஊற்றி அதிலேயே கொட்டி மூடினேன், பாஸ்தாவை யாராவது வறுப்பாங்களாக்கா என்று கெசியா விழுந்து விழுந்து சிரித்தாள், சாப்பிட்ட பிறகு சிரிக்கவில்லை, கறியின் சாறெல்லாம் குழலுக்குள் ஏறியிருந்தது, குழையாமல், கடித்தால் உள்ளேயிருந்து மிளகு காரத்தோடு பீச்சியடித்தது, அதற்கு அவள் வைத்த பெயர் குழாய்க்கறி.

அவளுக்காகத்தான் கறி வாரத்தில் மூன்று நாளாக ஆனது, நல்லா சாப்பிடச் சொல்லுங்க, உடம்புல தெம்பு இல்லாம தண்டு மேல ஏறாது, என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார், அப்பா லோடு ஆட்டோவில் வெளியூர் போகிற நாட்களில் கறி வாங்க ஆளில்லை, எனக்குக் காலையிலேயே ஜெராக்ஸ் கடை வேலை, ஒருநாள் நான் திரும்பிவந்தபோது பின்படியில் கறுப்புப் பை இருந்தது, யார் வாங்கியது என்று யாரும் சொல்லவில்லை, பிறகு நானே பார்த்தேன், கறிக்கடைக்கு எதிர்ச்சாரியில் மருந்துக்கடை நிழலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா நிற்கிறாள், ஒரு விரலைக் காட்டுகிறாள், ஒரு கிலோ, கடைக்காரர் பெண்டாட்டி பையோடு ரோட்டைத் தாண்டி வருகிறாள், இந்தாங்க சுகந்திக்கா, எலும்பு கம்மியாத்தான் போட்டுக்கீறேன், பொண்ண நல்லாத் தூக்கச் சொல்லுங்க, அம்மா குடையை நீட்டுகிறாள், குடைக்காம்பின் வளைவில் பையை மாட்டச் சொல்லி, கையை முழுநீளத்துக்கு நீட்டிப் பிடித்தபடி வீடுவரை நடக்கிறாள், சித்திரை வெயிலில் குடையை விரிக்காமல் முன்னால் நீட்டிக்கொண்டு போகிறவளைத் தெருவே வேடிக்கை பார்க்கிறது, நான் ஒளிந்துகொண்டு பார்க்கிறேன். போன வருஷம் மாநிலப் போட்டியில் கெசியா தண்டைத் தலைக்குமேல் தூக்கிவிட்டாள், தூக்கிய சந்தோஷத்தில் நடுவர் சொல்வதற்குள் கீழே போட்டுவிட்டாள், சிவப்பு விளக்கு, தூக்கியதே கணக்கில் இல்லை, இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடுவீட்டில் நின்றாள், மா, நீ எறக்குன்னு சொல்றவரிக்கும் எறக்கமாட்டேன், அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள், வேண்டுமென்றே ஒரு பாவாடையின் ஓரம் முழுக்கத் தைத்து முடிப்பாள், நூலைப் பல்லால் கடிப்பாள், மா, கை உழுந்துடும்மா, உழட்டும், எனக்கு இன்னும் நாலு தையல் கீது, பிறகுதான் தலையைத் தூக்கி எறக்கு என்பாள், தினமும், ஒரு வருஷமாக.

போட்டிக்குக் கிளம்புகிற காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கெசியா அந்த மெஷின் முன்னால்தான் நின்றாள், மா, மெடலோட வந்தா எனக்கு இன்னா தருவ, உனுக்கு இன்னாடி வேணும், அக்கா செய்யிற குழாய்க்கறி வேணும், உள்ள, இதோ இங்க நடுவூட்ல, நாலு பேரும் சுத்தி உக்காந்து, ஒரே குண்டான்ல. மெஷின் நின்றது, அப்பா சட்டென்று செருப்பைத் தேட ஆரம்பித்தார், அம்மா ஊசியைப் பார்த்தபடியே சொன்னாள், மொதல்ல தூக்கு, அப்புறம் பாக்கலாம். தூக்கிவிட்டாள், இப்போதுதான் அந்த அப்புறம், நான் வறுத்துவைத்த குழல்களைக் கொட்டி, தண்ணீர் மட்டத்தை விரலால் அளந்து மூடுகிறேன், அம்மா ஏதாவது சொல்வாள் என்று காது உள்ளேயே இருக்கிறது, மெஷின்தான் ஓடுகிறது, வாசலில் லோடு ஆட்டோவின் சத்தம் கேட்கிறது, காட்பாடி ஸ்டேஷனிலிருந்து தங்கையை அழைத்துவருகிற அப்பா தெருமுனையிலேயே ஆரன் அடிக்க ஆரம்பித்து நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வருகிறார், பின்னால் சாமான் ஏற்றுகிற இடத்தில் ராணி மாதிரி நின்றபடி கெசியா, கழுத்தில் மெடல், அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, மெடலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறாள், இத்தனூண்டுதானா, இதுக்கா தொண்ணூத்தெட்டு கிலோவத் தூக்கின, என்கிறாள், சொல்லிவிட்டு மகளின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்க்கிறாள், தோல் கிழிந்து காய்த்துப்போன கைகள், அப்போதுதான் அம்மாவின் உதடு ஒருமுறை கோணுகிறது, தேங்காயெண்ணெய் எடுத்துவந்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டு மெஷினுக்குத் திரும்புகிறாள்.

அடுப்பை அணைத்தேன், மூடியைத் திறந்தேன், கறிவேப்பிலையும் மல்லியும் கிள்ளிப்போட்டேன், ஆவி எழும்பி முகத்தில் படிந்தது, சாறு வற்றிக் குழல்கள் ஒவ்வொன்றும் மினுமினுவென்று நின்றன, இதுவரை நான் செய்ததிலேயே நல்லது இதுதான் என்று வாயில் வைக்காமலே தெரிந்தது, கெசியா பின்வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள், அம்மா இன்னா சொன்னாங்க என்று கண்ணாலேயே கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை என்று தலையாட்டினேன், அப்பா வழக்கம்போல மூன்று தட்டையும் படியில் வைத்துவிட்டு மெதுவான குரலில், வா கண்ணு, இங்கியே உக்காரலாம், அம்மாவ நெருக்காத, என்றார், கெசியா உட்காரவில்லை, இரண்டு கரித்துணிகளை எடுத்துக் குண்டானின் விளிம்பைப் பிடித்தாள், தூக்கினாள், நிலைப்படிவரை நடந்தாள், நின்றுவிட்டாள். படியைத் தாண்டவில்லை, நெஞ்சுக்கு நேராகக் குண்டானைப் பிடித்தபடி எதிர்ச்சுவரில் பார்வையைக் குத்தி நிறுத்தினாள், அம்மா தைத்துக்கொண்டிருந்தாள், தையல் முடிகிறவரை தைத்தாள், நூலைக் கடித்தாள், எழுந்தாள், எங்களைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா தரையைப் பார்த்தார், கை சுட்டுடும் கண்ணு, வெச்சிடு, என்றார், அவள் வைக்கவில்லை, அவள் முழங்கை நடுங்க ஆரம்பித்தது, கரித்துணி நழுவி ஒரு விரல் விளிம்பில் பட்டது, முகம் சுருங்கியது, கை மடங்கவில்லை, உள்ளே ஏதோ பாத்திரம் நகர்கிற சத்தம், நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எதை எண்ணுகிறேன் என்று தெரியாமல், பதினொன்று, பன்னிரண்டு, அம்மா வந்தாள், கையில் பிரிமணை, அவளுடைய சோற்றுப்பானை தினமும் உட்காருகிற வைக்கோல் பிரிமணை, அதை நடுவீட்டில் போட்டாள், சரியாக நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து மகளை ஏறிட்டுப் பார்த்தாள், சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை, பிறகு, எறக்கு, என்றாள்.

எங்களிடம் மேசை இல்லை, சன்னலில் ஆவி படிய வேலூர் வெயில் விடாது, நால்வரும் தரையில் சம்மணமிட்டுக் குண்டானைச் சுற்றி உட்கார்ந்தோம், தட்டு மூன்றுதான் இருந்தது, அம்மா தன்னுடைய எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து நீட்டினாள், கறி வேணாம், அந்தக் குழாய மட்டும் போடு, ஒரு கரண்டி போட்டேன், அவள் ஒரு குழலைப் பிட்டபோது உள்ளேயிருந்து ஒரு சின்னக் கறித்துண்டு வெளியே வந்தது, எங்கள் மூவரின் கையும் வாய்க்குப் போகாமல் நின்றது, அம்மா அதை இரண்டு விரலால் எடுத்தாள், நீ தின்னுடி, தூக்குறவ நீதான, என்று கெசியாவின் தட்டில் வைத்தாள், கையைக் கழுவ எழுந்திருக்கவில்லை, அதே விரல்களால் அடுத்த வாயை எடுத்தாள், உப்பு போதுமாங்க என்று அப்பாவைக் கேட்டாள், அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இப்போதும் நான் கைபேசியில் அந்தப் படத்தை ஓட்டுகிறேன், தண்டு மேலே போகிறது, ஆனால் அந்தக் கைகளில் வெள்ளை மாவைக் காணோம், இரண்டு கைகளும் கறுப்பாக இருக்கின்றன, குண்டானின் கரி முழங்கைவரை அப்பியிருக்கிறது, நடுங்குகின்றன, மடங்கவில்லை, நடுவர் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தையல் மெஷின், அதன் பின்னால் குனிந்த தலை, இன்னும் நாலு தையல் பாக்கி இருக்கிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.